மொபைல் ட்ரெய்னிங்ன்னா போனா, வேனா? (அக்காகிட்ட கேளுங்க)

இந்த தடவை வந்த கடுதாசி, வட்ஸ்அப் வொய்ஸ் எல்லாத்தையும் சேத்து வச்சுப் பாத்தா பாதிக்கு மேல சேறு அள்ளுற வேலையப் பத்தித்தான். 2025 நவம்பர் கடைசியில டித்வா புயல் வந்து மலைநாட்டையே புரட்டிப் போட்டுட்டுப் போச்சு, நாடு முழுக்க 600 பேருக்கு மேல செத்தாங்க, அதுல மண்சரிவுல போன நம்ம சனம் எத்தனைன்னு நினைச்சா இன்னும் தொண்டை அடைக்குது. மழை ஒவ்வொரு வருஷமும் வரும், சேறும் வரும், அதனால மத்த கேள்விய எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிட்டேன். மாமியார் சண்டைக்காரங்க கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: அக்கா, எங்க தோட்டத்துல "மொபைல் சேஃப்டி ட்ரெய்னிங்"ன்னு நோட்டீஸ் ஒட்டியிருந்தாங்க. நாங்க பொடியன்மார் எல்லாம் போனுக்கு சார்ஜ் போட்டு ரெடியா போனோம். அங்க பாத்தா ஒரு வேன் வந்து நிக்குது, ரெண்டு பேர் பூட்ஸ எடுத்து காட்டுறாங்க. இதுக்கு ஏன் மொபைல்ன்னு பேர்? உண்மையிலயே பிரயோசனம் இருக்கா?
*ஒரு தம்பி, ஹட்டன்*

பதில்: சிரிச்சு சிரிச்சு கண்ணுல தண்ணி வந்துருச்சு தம்பி. பிரதேச செயலகத்துல நடமாடும் சேவைன்னு வைக்கிறாங்கல்ல, ஐடென்டி கார்ட் எடுக்க, பொறப்பு பத்திரம் எடுக்கன்னு, அது மாதிரிதான் இதுவும். நடமாடும் பயிற்சி. நம்மள டவுனுக்கு கூப்பிடாம அவங்க வேலை நடக்குற எடத்துக்கே வாறது. போன்லயும் பயிற்சி குடுக்குறாங்க, அதையும் மொபைல்ன்னுதான் சொல்றாங்க, அந்தக் கதைக்கு கீழ வாறேன்.

பிரயோசனம் இருக்கான்னா, அன்னைக்கு பேர் போடுறாங்களா, அதாவது நாள் சம்பளம் விழுமா, வேன் எப்ப வருது, இந்த ரெண்டையும் பொறுத்து. நான் தோட்ட டிஸ்பென்சரியில வேலை செஞ்ச காலத்துல ஒரு வெள்ளத்துக்குப் பிறகு டவுன்ல ஒரு ஹோல்ல பயிற்சி வச்சாங்க, எந்த ஒபிஸ்ன்னு சொல்லல, இப்ப இருக்கவங்களுக்கு அது தெரியவும் தெரியாது. பெரிய ஸ்கிரீன், சாப்பாட்டு பார்சல், ஃபைல் கவர், பேனை எல்லாம் குடுத்தாங்க. வந்து உக்காந்தது யாரு? நானு, கிளாக்கர், ரெண்டு கணக்கப்பிள்ளை. சேத்துல நிக்கிற ஒரு பொம்பளையும் வரல. ஏன் வரலன்னு அங்க ஒரு ஆள் கேட்டாரு, "அவங்களுக்கு அக்கறை இல்ல"ன்னு இன்னொரு ஆள் சொன்னாரு. எனக்கு வந்த கோவம்! அன்னைக்கு வந்தா அவங்களுக்கு பேர் விழாது, அரைப்பேர் கூட விழாது, அப்புறம் எப்படி வருவாங்க. பயிற்சிக்கு எடுக்குற நேரமும் வேலை நேரம்தான்னு பேர் போட்டா எல்லாரும் வருவாங்க, போடலன்னா வேன் இல்ல ஹெலிகொப்டர்ல வந்தாலும் யாரும் வரமாட்டாங்க. உங்க தோட்டத்துல அன்னைக்கு பேர் போட்டாங்களா? அத கேட்டு எழுதுங்க.

இன்னொன்னு, வேன் வந்தது சேறு அள்ள ஆரம்பிக்கிறதுக்கு முன்னமா, இல்ல எல்லாம் அள்ளி முடிஞ்சு மூணு கிழமைக்கு பிறகா? கை வெட்டுப்படுறதும் கரண்ட் அடிக்கிறதும் மொத ரெண்டு மூணு நாளுலதான் நடக்கும், அப்பதான் எல்லாரும் அவசரத்துல இருப்பாங்க.

கேள்வி: வணக்கம் அக்கா. வெள்ளத்துக்கு பிறகு ஸ்கூல், கோயில், லயம் (தோட்டத்து வரிசை வீடு) எல்லாம் கிளீன் பண்ண நாங்க இருபது பேர் சேர்ந்து போறோம். நான் கொஞ்சம் படிச்சவன்னு என்னைய பயிற்சி குடுக்கச் சொல்றாங்க. காலையில பதினஞ்சு நிமிஷம்தான் கிடைக்கும். என்னத்த சொல்றது, எங்க ஆரம்பிக்கிறது?
*நாவலப்பிட்டி வாசகர்*

பதில்: பதினஞ்சு நிமிஷம் தாராளம் தம்பி, அதுக்கு மேல எடுத்தீங்கன்னா கடைசி வரிசையில நிக்கிறவங்க கதைக்க ஆரம்பிச்சுருவாங்க. நம்ம சனத்துக்கு இதெல்லாம் புதுசு இல்ல, காலையில பெரட்டுக்கு, அதான் வேலை பிரிக்கிற கூட்டத்துக்கு, நின்னு பழகினவங்க நம்ம. அதே மாதிரி வட்டமா நிக்க வைங்க. ஒரு நாளைக்கு ஒரே ஒரு விஷயம் மட்டும். ஒரே நாள்ல பாம்பு, கரண்ட், கிருமி, சுவர்ன்னு எல்லாத்தையும் கொட்டினா சாயங்காலம் ஒன்னும் ஞாபகம் இருக்காது.

மொத நாள் வேலைய ஆரம்பிக்காதீங்க, எடத்த சுத்தி நடங்க. எல்லாரையும் கூட்டிக்கிட்டு நடந்து "இங்க என்ன ஆபத்து இருக்கு, நீங்க சொல்லுங்க"ன்னு கேளுங்க. நீங்க சொல்லாதீங்க, அவங்கள சொல்ல விடுங்க. அந்த லயத்துல பொறந்து வளர்ந்த ஒரு பாட்டிக்கு எந்த சுவர் எப்பவுமே ஊறும், எந்த எடத்துல கக்கூஸ் குழி இருந்து மூடினாங்கன்னு தெரியும், உங்களுக்கும் எனக்கும் தெரியாது. சேறு மூடின குழியில மனுசன் எறங்குறது எவ்வளவு மோசம்ன்னு தெரியுமா, பழைய மலக்குழிக்குள்ள இருக்குற வாயு ரெண்டு மூச்சுல ஆள விழுத்தும், காப்பாத்த எறங்குறவனையும் விழுத்தும். அதனால குழி இருக்குற எடத்துல ஒரு கம்பு நட்டு சிவப்புத் துணி கட்டி விடுங்க.

அந்த நடையிலயே கரண்டையும் பாருங்க. லயத்துல மெயின் சுவிட்ச் எங்க இருக்குன்னு பாத்து ஓஃப் பண்ணிட்டுத்தான் உள்ள போகணும். தண்ணியில நின்னுக்கிட்டு சுவிட்ச்ல கை வைக்கக்கூடாது, அப்படித்தான் நிக்க வேண்டி இருந்தா தொடவே வேணாம், மின்சார சபைக்கு 1987க்கு அடிங்க. பக்கத்து வீட்டுல இருந்து வயர் இழுத்து லைட் எரிய விட்டுருப்பாங்க, நம்ம வீட்டு மெயின ஓஃப் பண்ணினாலும் அந்த வயர்ல கரண்ட் ஓடும். இது எந்த புத்தகத்துலயும் இருக்காது, லயத்துல இருந்தவங்களுக்குத்தான் தெரியும்.

ரெண்டாம் நாள் கை கால். பூட்ஸ், கிளவுஸ போட்டுக் காட்டாதீங்க, அவங்கள போடச் சொல்லிப் பாருங்க. போடுறதவிட கழட்டுறதுதான் கஷ்டம், சேறு பட்ட கிளவுஸ பல்லால கடிச்சு இழுக்குற ஆக்கள நான் என் கண்ணால பாத்திருக்கேன்! தானமா வாற பூட்ஸ் எல்லாம் எட்டு ஒன்பது சைஸ், நம்ம பொம்பளைங்க காலு அஞ்சு. உள்ள துணி சுத்திப் போடுவாங்க, வழுக்கி விழுவாங்க, மறுநாள் வெறுங்காலோட வருவாங்க. அப்ப அவங்கள ஏசாதீங்க, பூட்ஸ் வாங்கினவன ஏசுங்க. சைஸ் கேட்டு வாங்கச் சொல்லுங்க.

அதோட வெத்தில. இத நான் எழுதினா சில பேருக்கு கோவம் வரும். சேத்துக் கையால சுண்ணாம்பு தடவி வெத்தில மடிச்சு வாயில போட்டா, கிளவுஸ் போட்டு என்ன, போடாம என்ன. அதுக்காக வெத்திலய விடுங்கன்னு சொன்னா யாரும் கேக்கமாட்டாங்க, நானே கேக்கமாட்டேன். அதனால ஒரு வாளி சுத்தமான தண்ணி, ஒரு சவக்காரம், தேத்தண்ணி நேரத்துக்கு முன்ன எல்லாரும் கை கழுவிட்டுத்தான் ரொட்டியும் வெத்திலையும். கழுவுற வாளி வேலை செய்யிற எடத்துல இருந்து இருபது அடிக்குள்ள இருக்கணும், தூரமா வச்சா யாரும் போகமாட்டாங்க.

சாமான் தூக்குறது ஒரு நாள். நனைஞ்ச மெத்தை, சேறு நெறஞ்ச கூடை எல்லாம் பாக்குறதவிட பாரம் கூட, ரெண்டு பேரா தூக்கணும், கூடைய பாதிக்கு மேல நெரப்பக்கூடாது. கொழுந்து முப்பது கிலோ சொமந்த முதுகுதானேன்னு சொல்லுவாங்க, அந்த முதுகு ஏற்கனவே நொந்து போன முதுகுங்கறத மறந்துறாங்க.

கடைசியா ஒன்னு. பயிற்சி முடிஞ்சதும் "விளங்குச்சா?"ன்னு கேக்காதீங்க. நம்ம ஆக்கள் தலைய ஆட்டுவாங்க, தொரைகிட்ட ஆட்டி ஆட்டி பழகின தலை. "இப்ப இந்த சுவர் வெடிச்சிருக்கு, நீ என்ன செய்வே?"ன்னு ஒருத்தங்ககிட்ட கேளுங்க. பதில் வந்தா அவங்களுக்கு விளங்கியிருக்கு, தலை மட்டும் ஆடுனா நாளைக்கு திருப்பி சொல்லுங்க.

கேள்வி: கம்பளையில கடையில வேலை செய்றேன். வெள்ளம் வடிஞ்ச பிறகு கடைய கழுவ முதலாளி ப்ளீச்சையும் டொய்லட் கழுவுற லிக்விட்டையும் ஒரே வாளியில ஊத்திக் குடுத்தாரு, ரெண்டும் சேந்தா பவர் கூடன்னு. கழுவ ஆரம்பிச்சு கொஞ்ச நேரத்துல இருமல், கண் எரிச்சல், நெஞ்சு அடைச்சது. நான்தான் பலவீனமோ?
*தங்கை ஒருத்தி*

பதில்: நீ பலவீனம் இல்லடா, அந்த வாளிதான் விஷம். டொய்லட் லிக்விட்ல அசிட் இருக்கு, ப்ளீச்சுல குளோரின் இருக்கு, ரெண்டும் சேந்தா குளோரின் வாயு கெளம்பும். மொத உலக யுத்தத்துல ஆக்கள கொல்ல பாவிச்ச அதே வாயு. ஷட்டர பாதி மூடிக்கிட்டு கழுவியிருந்தா இன்னும் மோசமா போயிருக்கும். அமோனியா இருக்குற கிளீனர்களோடயும் ப்ளீச்ச சேக்கக்கூடாது. இப்பவும் மூச்சு விட கஷ்டமா இருந்தா, நெஞ்சு இறுக்கமா இருந்தா ஆஸ்பத்திரிக்கு போ, சாதாரண இருமல்ன்னு விடாத.

முறை என்னன்னா, மொதல்ல சேத்த வழிச்சு எடுத்து சவக்காரத் தண்ணியில கழுவணும். சேத்து மேல ப்ளீச் ஊத்தினா ப்ளீச் சேத்தோடயே செலவாகிப் போயிரும், கிருமி அப்படியே இருக்கும். கழுவின பிறகு, வீட்டுக்கு பாவிக்கிற தண்ணி ப்ளீச்ல கால் லீட்டருக்கு நாலு லீட்டர் தண்ணி, அதுக்கு மேல திக்கா வேணாம். கதவு ஜன்னல் எல்லாம் தொறந்து வச்சு, கிளவுஸ் போட்டு, ஊத்தி பத்து நிமிஷம் விட்டுட்டு தேய்க்கணும். பவுடரா வாற ப்ளீச்சுக்கு அளவு வேற, அத பிஎச்ஐ மாத்தயாகிட்ட, அதான் பொதுச் சுகாதார பரிசோதகர்கிட்ட, கேட்டு கலக்குங்க. முதலாளிக்கு இந்தப் பக்கத்த வெட்டி கல்லாப்பெட்டி மேல ஒட்டிரு.

கேள்வி: வெள்ளத்துல நின்னு வேலை செய்றவங்களுக்கு எலிக்காய்ச்சல் குளிசை குடுக்குறாங்க. எனக்கு இரத்தம் கொறவுன்னு இரும்புச்சத்து குளிசையும் கிளினிக்ல குடுத்திருக்காங்க. ரெண்டையும் சேத்து போடலாமா? அந்த குளிசை போட்டா காய்ச்சல் வரவே வராதா?
*வாசகி, பதுளை*

பதில்: இந்த மாதிரி கேள்விக்காகத்தான் நான் இந்த பத்தியே எழுதுறேன். குளிசைய கையில குடுக்குறாங்க, ரெண்டாவது குளிசையப் பத்தி யாரும் கேக்குறதில்ல.

அந்த குளிசை பேரு டொக்சிசைக்லின். வெள்ளத்துலயும் வயல்லயும் வேலை செய்ற காலத்துல வாரத்துக்கு ஒருக்கா 200 மில்லிகிராம், அதாவது 100 மில்லிகிராம் குளிசை ரெண்டு. இரும்பு குளிசையோட சேத்துப் போட்டா டொக்சிசைக்லின் ஒடம்புக்குள்ள சரியா போய்ச் சேராது, அதனால ரெண்டுக்கும் நடுவுல சில மணி நேரம் விடணும், எப்ப எதுன்னு குடுக்குற எடத்துலயே கேட்டு வச்சுக்கங்க. வெறும் வயித்துல போடாதீங்க, நெறைய தண்ணி குடிங்க, போட்ட ஒடனே போய்ப் படுக்காதீங்க, தொண்டைக்குள்ள ஒட்டிக்கிட்டு புண்ணாக்கிரும். கர்ப்பமா இருந்தா, இல்ல இருக்கலாம்ன்னு ஒரு சந்தேகம் இருந்தா கூட, வாங்குறப்பவே சொல்லுங்க, அவங்களுக்கு இது குடுக்கமாட்டாங்க. வெக்கப்பட்டு சும்மா இருந்துறாதீங்க. சின்னப் பிள்ளைகளுக்கு நீங்களா ஒடச்சுக் குடுக்கவும் வேணாம்.

குளிசை போட்டா வரவே வராதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. கொறைக்கும், அவ்வளவுதான். எலி மூத்திரத்துல இருக்குற கிருமி தண்ணியில கலந்து நம்ம கால் வெடிப்பு, அட்டை கடிச்ச புண்ணு, கண்ணு, வாய் வழியா உள்ள போகுது. இந்த அட்டைப் புண்ண யாரும் பெருசா நினைக்கிறதில்ல, நம்ம மலையில அட்டை கடிக்காத கால் எங்க இருக்கு? வேலைக்குப் போறதுக்கு முன்ன புண்ணு இருந்தா தண்ணி புகாத பிளாஸ்டர் ஒட்டி அதுக்கு மேல பூட்ஸ்.

2008ல நாட்டுல 7,000 பேருக்கு மேல எலிக்காய்ச்சல் வந்துச்சு, அப்ப நான் டிஸ்பென்சரியிலதான் இருந்தேன். அந்த வருஷம் பாத்த ஒரு விஷயம் இன்னும் மறக்கல, வாறவங்க எல்லாம் "கெண்டக்கால் உளையுது, நேத்து மலை ஏறினதுல"ன்னுதான் சொல்லுவாங்க. மலை ஏறுறவங்களுக்கு கால் உளையுறது என்ன அதிசயம், அதான் ஏமாத்திப்புடும். சேத்துல நின்ன பிறகு ஒரு மாசத்துக்குள்ள காய்ச்சலோட கெண்டக்கால் வலி, கண்ணு செவந்து போறது, மூத்திரம் கொறையிறது, இதுல எது வந்தாலும் பனடோல் போட்டு படுத்துறாம ஆஸ்பத்திரிக்கு போங்க. போனதும் "நான் வெள்ளத்துல வேலை செஞ்சேன்"ங்கறதத்தான் மொத வார்த்தையா சொல்லணும். பெரும்பாலும் அஞ்சுல இருந்து பதினாலு நாளைக்குள்ள காட்டும், அதுக்குள்ள வெள்ளத்த நாமளே மறந்து போயிருப்போம்.

கேள்வி: சாராயம் ஒரு கிளாஸ் போட்டுட்டு சேத்துல எறங்குனா குளிரும் தெரியாது, கிருமியும் ஏறாதுன்னு எங்க மாமா சொல்றாரு.
*பொகவந்தலாவையில இருந்து*

பதில்: குளிர் தெரியாது, வாஸ்தவம். ஒடம்பு சூட்ட வெளிய விடுறதே அந்த சாராயம்தான். ஆணி குத்துனதும் தெரியாது, சுவர் ஆடுறதும் தெரியாது. மாமாவ சாயங்காலம் குளிச்சு முடிச்ச பிறகு குடிக்கச் சொல்லுங்க, நான் ஒன்னும் சொல்லல.

கேள்வி: ரோட்டுல விழுந்த மண்ண அள்ள கொந்தரப்புக்காரர் எங்கள நாள் சம்பளத்துக்கு எடுத்திருக்காரு. பெக்கோ (மண் வெட்டுற மெஷின்) ஒரு பக்கம், நாங்க மம்பட்டியோட ஒரு பக்கம். அடியில இருந்து வெட்டி எடுத்தா மேல இருக்குறது தானா எறங்கும், வேலை சுருக்கா முடியும்ன்னு சொல்றாரு. எனக்கு பயமா இருக்கு, ஆனா வேலை வேணும்.
*வலப்பனையில இருந்து ஒரு அண்ணன்*

பதில்: அண்ணே, பயம் வந்தது சரிதான். அடியில வெட்டினா மேல இருக்குறது தானா எறங்கும், ஆனா எப்ப எறங்கும்ன்னு அது சொல்லிட்டு எறங்காது. ஒரு கன மீட்டர் ஈர மண்ணு ஒன்றரை டன்னுக்கு மேல இருக்கும், அதாவது ஒரு மீட்டர் நீளம் ஒரு மீட்டர் அகலம் ஒரு மீட்டர் உயரம், ஒரு மேசை அளவு மண்ணு ஒரு வேன் பாரம். ஒரு ஆள இடுப்பு வரைக்கும் மூடினாக்கூட பத்து பேர் சேந்து இழுத்தாலும் வரமாட்டாரு. 2014 அக்டோபர் 29ம் தேதி பதுளை மாவட்டத்து மீரியபெத்தை தோட்டத்துல மண்சரிஞ்சப்ப காலையில எத்தனை லயம் மண்ணுக்குள்ள போச்சுன்னு உங்களுக்கு நான் சொல்லத் தேவல்ல.

மேல இருந்து எறக்கிக்கிட்டுத்தான் வரணும், அடியத் தோண்டக்கூடாது. ஒருத்தர் மம்பட்டி பிடிக்காம மேட்டையே பாத்துக்கிட்டு நிக்கணும், அவரு கையில விசில் இருக்கணும், விசில் கேட்டா மம்பட்டிய போட்டுட்டு பக்கவாட்டுல ஓடணும், கீழ் நோக்கி ஓடக்கூடாது. அவருக்கும் சம்பளம் உண்டு, அவரு சும்மா நிக்கலன்னு கொந்தரப்புக்காரருக்கு விளங்க வைக்கிறதுதான் கஷ்டம். பெக்கோ திரும்புற வட்டத்துக்குள்ள யாரும் நிக்கக்கூடாது, ஓட்டுறவருக்கு பின்னுக்கு தெரியாது. மரம் சரிஞ்சு நிக்குது, நிலத்துல புது வெடிப்பு, இல்லாத எடத்துல ஊத்து வருது, இருந்த ஊத்து திடீர்ன்னு நின்னுருச்சு, பீலித்தண்ணி (மலையில இருந்து குழாயில வாற தண்ணி) சேறா வருது, இதுல ஒன்னு கண்டாலும் அன்னைக்கு வேலை முடிஞ்சுது.

மழைக்கு ஒரு கணக்கு இருக்கு, கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்கு பாவிக்கிற கணக்கு: ஒரு நாளைக்கு 75 மில்லிமீட்டர் பெஞ்சா கவனம், 100 தாண்டினா கெளம்ப ரெடியா இருக்கணும், ஒரு நாளைக்கு 150 இல்லன்னா ஒரே மணித்தியாலத்துல 75 பெஞ்சா எடத்த விட்டு போயிரணும். நேரான சுவர் இருக்குற ஒரு பால்மா டின்ன மரம், கூரை இல்லாத வெட்டவெளியில வச்சு உள்ள ஸ்கூல் அடிமட்டத்த வுட்டு அளந்தா போதும், டின்னுல ஏழரை சென்டிமீட்டர் தண்ணின்னா அதுதான் 75. மழை பெய்ற நேரம் மேட்டுக்கு அடியில வேலை செய்யச் சொன்னா மாட்டேன்னு சொல்லுங்க, தனியா சொல்லாதீங்க, நாலு பேர் சேந்து சொல்லுங்க. அவசரத்துக்கு அனர்த்த முகாமைத்துவத்துக்கு 117, அம்புலன்ஸ் 1990.

கேள்வி: கடைக்கு கீழ இருக்குற ஸ்டோருக்குள்ள தண்ணி. பெட்ரோல் மோட்டர உள்ள வச்சு இறைக்கலாமா, ஷட்டர் தொறந்துதான் இருக்கும்.
*கண்டி*

பதில்: வேணாம். அந்தப் புகையில வாற காபன் மொனொக்சைட்டுக்கு மணம் இல்ல, நெறம் இல்ல, தலை சுத்துதேன்னு உக்காந்தவர் எழும்பமாட்டாரு. மோட்டர், ஜெனரேட்டர் எல்லாம் வெளிய, கதவு ஜன்னல்ல இருந்து இருபது அடி தள்ளி, குழாய மட்டும் உள்ள போடுங்க.

கேள்வி: நான் ஒரு டீச்சர், பண்டாரவளை. சேறு அள்ளுறவங்களுக்கு போன்ல பயிற்சி வீடியோ செஞ்சு வட்ஸ்அப்ல அனுப்பலாம்ன்னு இருக்கோம். எட்டு நிமிஷ வீடியோ ஒன்னு ரெடி. அக்கா பாத்து அபிப்பிராயம் சொல்லுங்க.

பதில்: பாத்தேன் டீச்சர். கோவிச்சுக்கக்கூடாது. "தொழிலாளர்கள் தனிநபர் பாதுகாப்பு உபகரணங்களை உரிய முறையில் அணிதல் வேண்டும்"ன்னு ஒரு குரல் சொல்லுது, பின்னுக்கு வீணை. எங்க பக்கத்து வீட்டு அக்காகிட்ட போட்டுக் காட்டினேன், "செய்தி வாசிக்கிறாங்களா?"ன்னு கேட்டாங்க. பூட்ஸ போடு, கிளவுஸ போடுன்னு சொன்னா முடிஞ்சு போச்சு.

எட்டு நிமிஷ வீடியோ எறங்க டேட்டா வேணும், சிக்னல் வேணும், நம்ம பக்கம் பாதி மலையில சிக்னல் கெடைக்க கோயில் மேட்டுக்கு ஏறணும். வெள்ளம் வந்தா அந்த டவரும் போயிரும். அதோட வேலைக்குப் போற நிறைய பொம்பளைங்க கையில இருக்குறது பட்டன் போன், பெரிய போன் இருந்தாலும் அது மகன்கிட்ட இல்லன்னா புருஷன்கிட்ட இருக்கும். அதனால வீடியோவ நாப்பது அம்பது செக்கன் வொய்ஸா வெட்டுங்க, ஒன்னுல ஒரு விஷயம். மழைக்கு முன்னமே அனுப்பி வச்சிருங்க, போன்லயே கெடக்கட்டும். காலையில பெரட்டுல ஒருத்தர் ஸ்பீக்கர்ல போட்டா இருபது பேர் கேப்பாங்க, பட்டன் போன்காரங்களும் கேப்பாங்க. குரல் உங்க ஸ்கூல்ல படிக்கிற பிள்ளைங்களோட அம்மா ஒருத்தங்க குரலா இருக்கட்டும். சிங்களத்துலயும் ஒன்னு செய்ங்க, சேத்துல ரெண்டு பேரும்தான் சேந்து நிக்கிறாங்க.

வெளிநாட்டுலயும் இதையேதான் படிச்சிருக்காங்க. அமெரிக்காவுல சுற்றாடல் சுகாதார விஞ்ஞானத்துக்குன்னு இருக்குற அரசாங்க நிறுவனம் 1987ல இருந்து தொழிலாளர் பயிற்சித் திட்டம் ஒன்னு நடத்துது, 2005ல கத்ரினா, 2012ல சாண்டி புயலுக்குப் பிறகு வீடு கிளீன் பண்ண போன கூலி ஆக்களுக்கு பயிற்சி குடுத்தாங்க. அவங்கள்ல நிறைய பேருக்கு இங்கிலீஷ் வராது, அதனால ஸ்பானிஷ்லயும் புத்தகம் போட்டாங்க. அவங்க கவலை முக்கியமா பூஞ்சணம், ஏன்னா அங்க வீட்டு சுவரே அட்டைப்பலகை மாதிரி ஒன்னு, நனைஞ்சா உள்ளுக்குள்ள பூக்கும். நம்ம லயத்துக்கு அது அப்படியே பொருந்தாது, நமக்கு கல்லும் மண்ணும் வச்சுக் கட்டின பழைய சுவரு ஊறி வயிறு தள்ளி நிக்கிறதுதான் பயம். கதவு திடீர்ன்னு இறுகி தொறக்க மாட்டேங்குதுன்னா சுவர் எறங்கியிருக்குன்னு அர்த்தம், ஒடச்சுத் தொறக்காம வெளிய வந்துரணும். உங்க வீடியோவுல இது ஒன்னுமே இல்ல டீச்சர், எங்கயோ இருந்து எடுத்து மொழிபெயர்த்ததுன்னு அதுலயே தெரிஞ்சு போச்சு.

கேள்வி: ஒரு தனியாருக்கு வேலை செய்யப் போய் தகரம் வெட்டி எட்டு தையல். அவரு ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ காசு குடுத்தாரு, அதோட முடிஞ்சு போச்சுன்னு சொல்றாரு. எழுத்துல ஒன்னும் இல்ல.
*மஸ்கெலியா*

பதில்: ஏற்பு ஊசி போட்டாங்களா, அத மொதல்ல பாருங்க, போடலன்னா நாளைக்கே போங்க. அப்புறம் காசு. வேலையில காயம்பட்டா நட்டஈடு கேக்க 1934ம் வருஷத்துல இருந்தே இந்த நாட்டுல சட்டம் இருக்கு, வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம்ன்னு பேரு, அதுக்குன்னே ஒரு ஆணையாளர் இருக்காரு. எழுத்துல இல்லாட்டியும் நீங்க அங்க வேலை செஞ்சதுக்கு சாட்சி வேணும்: கூட வேலை செஞ்ச ரெண்டு பேர் பேரு, ஆஸ்பத்திரி கார்ட், அன்னைக்கு போன்ல எடுத்த படம், அவரு கூப்பிட்ட கோல் நம்பர். கார்ட்ல "வேலை செய்யும்போது தகரம் வெட்டியது"ன்னு எழுதியிருக்கான்னு பாருங்க, நம்ம ஆக்கள் டொக்டர்கிட்ட "வீட்டுல விழுந்துட்டேன்"ன்னு சொல்லிருவாங்க, வேலை குடுத்தவருக்கு கரச்சல் வரக்கூடாதுன்னு. அப்படி சொல்லியிருந்தா கேஸ் கஷ்டம். எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு கிட்ட இருக்குற தொழில் திணைக்கள ஒபிஸுக்கு, யூனியன்ல இருந்தா தலைவரையும் கூட்டிக்கிட்டு போங்க. அவரு குடுத்த ஆட்டோ காசுக்கு நன்றி சொல்லலாம், அது வேற கணக்கு.

கேள்வி: வெள்ளத்துல நனைஞ்ச மெத்தைய வெயில்ல காய வச்சா பாவிக்கலாமா? மகள் கல்யாணத்துக்கு வாங்கினது, இன்னும் பொலித்தீன் கூட பிரிக்கல.
*கொத்மலை*

பதில்: பொலித்தீன் எங்கயும் கிழியாம சேறு உள்ள போகாம இருந்தா வெளிப்பக்கத்த கழுவிட்டு பிரிச்சுப் பாருங்க தங்கச்சி, நல்லா இருக்கலாம். உள்ள போயிருந்தா மேல காஞ்ச மாதிரி இருக்கும், நடுவுல காயாது, நம்ம ஊர் பனியில சுத்தமா காயாது, கிருமியும் பூஞ்சணமும் உள்ளயே இருக்கும். வீசிருங்க. வீசுறப்ப ரெண்டு பேரா தூக்குங்க, கீழ பாம்பு சுருண்டு கெடக்கும், மொதல்ல ஒரு கம்பால தட்டிட்டு.